ஜாவாவின் தம்பி கிராமம்: தேயிலை, குடியிருப்பு, சுற்றுப்புறம் பற்றி அறிந்தவர்கள் உண்டா?

பொகவந்தலாவை ஆசிரியை எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். நான் இலங்கை மலையகத்தில் உயர்தர வகுப்பில் புவியியல் கற்பிக்கிறேன். தேயிலை விளையும் வேறொரு நாட்டின் மலைக்கிராமம் ஒன்றைத் தேர்ந்து, அதன் நிலம், காலநிலை, தொழில், குடியிருப்பு ஆகியவற்றை ஆராய்ந்து கட்டுரை எழுதுமாறு இத்தவணையில் மாணவர்களைக் கேட்டிருக்கிறேன். ஒரு குழுவினர், எல்லோரும் எடுக்கும் அசாமையும் கென்யாவையும் விட்டுவிட்டு, இந்தோனேசியாவின் நடு ஜாவாவில் வொனோசோபோ மாவட்டத்திலுள்ள தம்பி என்னும் கிராமத்தைத் தெரிவு செய்திருக்கிறார்கள்.

ஆனால் தேடிப் பார்த்தால் கிடைப்பதெல்லாம் சுற்றுலா விளம்பரங்களாகவே இருக்கின்றன. பசுமையான படங்களும் தங்குமிடங்களின் கட்டணமும் உண்டு. அங்கே கொழுந்து பறிக்கும் பெண் எங்கே குடியிருக்கிறாள், அந்த வீடு யாருக்குச் சொந்தம், தோட்டம் யார் கையில் இருக்கிறது என்பன பற்றி ஒரு வரியும் இல்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் முதலில் கேட்பது இவற்றைத்தான். அந்தப் பக்கம் சென்றவர்களோ வாசித்தவர்களோ இருந்தால் விரிவாக எழுதி உதவுங்கள். சுற்றியுள்ள இடங்களைப் பற்றியும் தெரிந்தால் நல்லது.

தலவாக்கலை, தேயிலைத் தொழிற்சாலை அலுவலர் எழுதியது:

டீச்சர், உங்கள் மாணவர்கள் நல்ல இடத்தைத்தான் எடுத்திருக்கிறார்கள். தொழில் சம்பந்தமாக ஜாவாவின் தேயிலைப் பகுதிகளுக்குப் போனபோது தம்பியையும் பார்த்திருக்கிறேன்.

சிந்தோரோ, சும்பிங் என்று அடுத்தடுத்து நிற்கும் இரண்டு எரிமலைகள், 3,100 மீற்றரையும் தாண்டிய உயரத்துடன், வொனோசோபோவின் கிழக்கு எல்லையை மறைத்து நிற்கின்றன. வொனோசோபோ நகரிலிருந்து வடக்கே தியெங் மேட்டுநிலத்துக்கு ஏறும் பாதையை அண்டி, சிந்தோரோவின் சரிவில், கெஜாஜார் பிரிவுக்குள் அமைந்திருப்பதுதான் தம்பி. நகரம் ஏறத்தாழ 800 மீற்றர் உயரத்திலும் தியெங் ஏறத்தாழ 2,000 மீற்றர் உயரத்திலும் இருக்க, தம்பித் தோட்டத்தின் தேயிலை 1,200 மீற்றருக்கு மேலே தொடங்குகிறது. நம் நாட்டு வகைப்பாட்டின்படி அது முழுவதும் உயர்நிலத் தேயிலையாகும். அதே நிறுவனத்துக்கு பெடகா, தஞ்சுங்சாரி என்று வேறு இரண்டு பிரிவுகளும் உள்ளன.

மாணவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது மண். நம் மலைகள் எரிமலைகள் அல்ல. மிகப் பழைய உருமாறிய பாறைகள் சிதைந்து உண்டான செம்மஞ்சள் மண்ணில்தான் நாம் தேயிலை வளர்க்கிறோம். அங்கே இருப்பது எரிமலைச் சாம்பலிலிருந்து உருவான கருமண்; கையில் அள்ளினால் கனமே தெரியாது, நடந்தால் கால் புதையும். நீரை நன்றாகப் பிடித்து வைக்கும் அந்த மண், பொசுபரசையும் இறுகப் பிடித்துக்கொண்டு செடிக்கு எளிதில் விடாது என்பதால், உரமிடும் முறை நம்முடையதிலிருந்து வேறுபடுகிறது.

பெண்கள் தலைமுக்காட்டின் மேல் மூங்கிலால் முடைந்த கூம்புத் தொப்பியை அணிந்து, பனிநீர் நனைக்காதபடி இடுப்பிலிருந்து தடித்த பிளாஸ்டிக் விரிப்பைச் சுற்றிக்கொண்டு மலைக்கு இறங்குகிறார்கள். கையால் பறிப்பது குறைந்து கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. பறித்த கொழுந்தைக் காற்றுப் புகும் வலைப்பைகளில் நிரப்பி, பாதையோரத்தில் நிறுத்து, லொறியில் ஏற்றி ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, அனுப்புகிறார்கள். சாக்கில் திணித்துக் கொழுந்தைச் சூடேற விடும் நம் வழக்கத்தைவிட அந்த வலைப்பை எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. வாட்டும் தட்டுக்கு வரும்போது இலை சிவக்காமல் இருந்ததை நானே கையில் எடுத்துப் பார்த்தேன்.

இன்னொரு தொடர்பையும் சொல்லியாக வேண்டும். ஜாவாவில் 1826 அளவில் முதலில் நட்டவை ஜப்பானிலிருந்து வந்த விதைகள். அவை பெரிதாகப் பலன் தரவில்லை. 1877இல் மேற்கு ஜாவாவின் கம்புங் தோட்டத்தில் கெர்க்ஹோவன் என்ற டச்சுக்காரர் அசாம் இனத்தை நட்ட பிறகே அங்கே தேயிலை தலையெடுத்தது. அந்த விதைகள் போனது இலங்கையிலிருந்து. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்டுப் பத்து ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது.

ஹட்டன் வாசகர் எழுதியது:

ஸ்டோர் ஐயா மண்ணைப் பற்றி எழுதிவிட்டார். டீச்சரின் மாணவர்கள் கேட்ட கேள்விக்கு, அதாவது வீடு யாருடையது, தோட்டம் யாருடையது என்பதற்கு, நான் வாசித்தவற்றிலிருந்து பதில் எழுதுகிறேன்.

தம்பித் தோட்டம் 1865இல் டச்சுக்காரர் காலத்தில் தொடங்கியது. அப்போதே ஜாவா சனநெருக்கம் மிகுந்த தீவு. 1830 முதல் நடைமுறையிலிருந்த கட்டாயப் பயிர்ச்செய்கை முறையின் கீழ், விவசாயிகள் தம் கிராமத்து நிலத்தின் ஒரு பகுதியிலேயே அரசு சொன்ன ஏற்றுமதிப் பயிரைப் பயிரிட வேண்டியிருந்தது. ஆகையால் ஜாவாவின் தேயிலைக்குக் கடல் கடந்து ஆள் கொண்டுவர வேண்டிய தேவை ஏற்படவில்லை. மலையடிவாரக் கிராமத்து மக்களே காலையில் தோட்டத்துக்குப் போய் மாலையில் தம் வீட்டுக்குத் திரும்பினார்கள். நம் கங்காணியின் இடத்தில் அங்கே மண்டோர் என்ற மேற்பார்வையாளர் இருந்தார் என்றாலும், அவர் தென்னிந்தியாவுக்குப் போய்க் குடும்பங்களைத் திரட்டி வந்த நம் பெரிய கங்காணிமாரைப் போன்றவர் அல்லர், அக்கம்பக்கத்து ஊர்க்காரர். இன்றும் தம்பியில் பறிப்பவர்கள் பெரும்பாலும் சுற்றுக் கிராமங்களில் வாழ்பவர்களே. தோட்டத்தில் வேலை நின்றால் குடியிருப்பும் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு இல்லை.

இதனால் ஜாவா மக்கள் துன்பப்படவில்லை என்று மாணவர்கள் எழுதிவிடக் கூடாது. கட்டாயப் பயிர்ச்செய்கை காலத்தில் நடு ஜாவாவில் கொடும் பஞ்சங்கள் வந்தன. பின்னர் இதே மக்கள் ஒப்பந்தக் கூலிகளாகச் சுமாத்திராவின் டெலி புகையிலைத் தோட்டங்களுக்கும், 1890 முதல் தென் அமெரிக்காவின் சூரினாமுக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். ஒப்பந்தத்தை மீறினால் தண்டிக்கும் சட்டத்தின் கீழ் அவர்கள் அங்கே பட்டதை வாசிக்கும்போது, மன்னார் வழியாக நடந்து வந்த நம் முன்னோரின் கதையை வாசிப்பது போலவே எனக்கு இருந்தது.

சொத்துரிமையின் கதை வேறு திசையில் போகிறது. ஜப்பானியர் ஆக்கிரமிப்புக் காலத்தில் பராமரிப்பின்றிக் கிடந்த தோட்டம், சுதந்திரத்துக்குப் பின் அரசின் கைக்கு வந்து, 1949இல் ஹேக் நகரில் செய்த உடன்பாட்டினால் மறுபடியும் டச்சு உரிமையாளரிடம் போனது. அப்போது அரசு தோட்டங்களில் முன்பு வேலை செய்தவர்கள் ஒன்றுகூடி ஒரு நிறுவனத்தை அமைத்து, 1954இல் அந்த டச்சு உரிமையாளரிடமிருந்து தோட்டங்களை விலைக்கு வாங்கினார்கள். 1957இல் அந்த நிறுவனமும் வொனோசோபோ மாவட்ட நிர்வாகமும் சரிபாதிப் பங்குடன் தம்பி நிறுவனத்தை உருவாக்கின. அப்போது முன்னாள் ஊழியர்களின் நிறுவனத்துக்கு ஒரு பாதி, உள்ளூர் ஆட்சிக்கு மறுபாதி என்றிருந்தது.

இதை நம் வரலாற்றோடு ஒப்பிடச் சொல்லுங்கள், டீச்சர். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. இத்தனை கைமாறலிலும் மலையில் வேலை செய்தவர்கள் வாங்கும் பக்கத்தில் ஒருமுறையேனும் நின்றதில்லை. வீடு கட்ட ஏழு பேர்ச்சஸ் அளவுள்ள சிறு காணித் துண்டுக்கும் அதன் உறுதிப் பத்திரத்துக்கும் இன்றும் போராடிக்கொண்டிருக்கிறோம். தம்பியில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கும் கிலோக் கணக்கில் கூலி, அங்கும் இளையவர்களுக்குக் கொழுந்து பறிப்பதில் நாட்டமில்லை, இந்தோனேசியா முழுவதிலுமே தேயிலைப் பரப்பு சுருங்கி வருகிறது. ஆனாலும் தொழிலாளர் தரப்பு தோட்டத்தை வாங்குவது நடைமுறையில் சாத்தியம் என்பதற்கு அது ஒரு சான்று. நம்மிடம் அப்படியொன்று முடியாது என்று சொல்பவர்களுக்குக் காட்டவேண்டிய சான்றும் அதுவே.

கிராம நிர்வாகத்தையும் சேர்க்கலாம். அங்கே ஒவ்வொரு கிராமத்துக்கும் மக்கள் நேரடியாகத் தெரிவு செய்யும் தலைவர் உண்டு. 2014ஆம் ஆண்டின் கிராமச் சட்டத்துக்குப் பிறகு மத்திய அரசின் நிதியும் கிராமத்துக்கே வருகிறது. பாதை, வடிகால், சிறு விடுதிகள் என்று எதில் செலவிடுவது என்பதைக் கிராமமே பேசித் தீர்மானிக்கலாம். நம் நாட்டிலோ பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும் வரை, தோட்டத்துக்குள் ஒரு பாதையைச் செப்பனிடுவதற்குக் கூடச் சபைப் பணத்தைச் செலவிடச் சட்டம் இடம் தரவில்லை.

நுவரெலியா வாசகி எழுதியது:

சுற்றுப்புறத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். தம்பியிலிருந்து அதே பாதையில் மேலே ஏறினால் தியெங் மேட்டுநிலம். நுவரெலியாவில் இருப்பவர்களுக்கு அது அந்நிய இடமாகவே தோன்றாது: உருளைக்கிழங்கு, கோவா, கரட் பாத்திகள், மாலையில் இறங்கும் மூடுபனி, கம்பளிச் சட்டை விற்கும் கடைகள். இரண்டு இடங்களும் பூமத்திய ரேகையிலிருந்து ஏறத்தாழ ஏழு பாகை தூரத்தில், நாம் வடக்கிலும் அவர்கள் தெற்கிலுமாக இருக்கின்றன. நமக்கு ஜனவரி, பெப்ரவரியில் துகள் உறைபனி விழுவதுபோல, அவர்களுக்கு வறட்சிக் காலமான ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் விழுந்து கிழங்குச் செடிகளைக் கருக்கிவிடுகிறது. வகுப்பில் பருவகாலங்களை விளக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

தியெங்கின் ஆர்ஜுனா தொகுதிக் கோயில்கள் ஜாவாவில் எஞ்சியுள்ள மிகப் பழைய இந்துக் கோயில்களைச் சேர்ந்தவை. ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளில் சிவனுக்காகக் கட்டப்பட்டவை. அர்ச்சுனன், சுபத்திரை, கடோற்கசன் என்று அவற்றுக்கு வழங்கும் பாரதப் பெயர்கள் கட்டியவர்கள் இட்டவை அல்ல, பிற்காலத்தில் மக்கள் இட்டவை. ஸ்ரீகண்டி கோயிலின் வெளிச்சுவரில் மூன்று பக்கங்களில் திருமால், சிவன், பிரமன் உருவங்கள் தேய்ந்த நிலையில் தெரியும். ஆர்ஜுனா கோயிலின் வடக்குச் சுவரில், கருவறையில் அபிஷேகம் செய்த நீர் வெளியேறுவதற்கான துவாரம் இருக்கிறது. நம் கோயில்களின் கோமுகியும் வடக்கே பார்ப்பதுதான். இன்று சுற்றிலும் வாழ்பவர்கள் இஸ்லாமியர். அவர்கள் அந்தக் கோயில்களைத் தம் ஊரின் சொத்தாகப் பேணுவதைக் குறித்து மாணவர்கள் ஒரு பந்தியாவது எழுத வேண்டும்.

இந்தப் பகுதியில் சில குழந்தைகளுக்குத் தலைமயிர் தானாகவே சடைபிடிக்கும். அந்தச் சடையைப் பெற்றோர் விரும்பிய நாளில் வெட்ட முடியாது. பிள்ளை தானாகச் சம்மதித்து, தனக்கு வேண்டிய பொருளைக் கேட்க வேண்டும். ஆட்டுக்குட்டியோ சைக்கிளோ, கேட்டதை வாங்கிக் கொடுத்த பிறகே சடங்கு செய்து வெட்டி, முடியை நீரில் விடுவார்கள்.

அபாயங்களையும் மறைக்கக் கூடாது. தியெங் ஓர் எரிமலைத் தொகுதி. 1979 பெப்ரவரி 20ஆம் திகதி சினிலா பள்ளம் வெடித்தபோது, பயந்து ஓடிய மக்கள், தரையோடு பரவிய காபனீரொட்சைட்டு வாயுவுக்குள் அகப்பட்டு, 149 பேர் பாதையிலேயே இறந்தார்கள். அதற்கு அடுத்ததாக எனக்குக் கவலை தருவது கிழங்குதான். செங்குத்தான சரிவுகளில் காட்டை அழித்து, வரம்பும் இல்லாமல் மேலிருந்து கீழாகப் பாத்தி பிடித்ததால், மண் கழுவுண்டு செராயு ஆற்றில் சேர்ந்து, கீழேயுள்ள ம்ரிச்சா நீர்த்தேக்கத்தை நிரப்பிவருகிறது. வெலிமடைப் பக்கத்து மண் ஊமா ஓயா வழியாக ரன்தம்பையில் போய்ச் சேர்வதைப் பார்த்த நமக்கு இது புதிதல்ல. அந்தச் சரிவுகளில் மண்ணை ஆண்டு முழுதும் மூடி வைத்திருக்கும் பயிர் தம்பியின் தேயிலைதான். அதை வெறும் இலாபக் கணக்கில் மட்டும் எடை போடுவது தவறு.

பொகவந்தலாவை ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பங்குரிமை பற்றிய பகுதியை வாசித்துக் காட்டியபோது வகுப்பில் நீண்ட விவாதமே நடந்தது. இரண்டு சிறு கேள்விகள்: அங்கே மக்கள் அன்றாடம் என்ன சாப்பிடுகிறார்கள்? பின்னொரு காலத்தில் யாராவது போவதானால் எந்த மாதம் ஏற்றது?

தலவாக்கலை, தேயிலைத் தொழிற்சாலை அலுவலர் எழுதியது:

சோறுதான் பிரதானம், டீச்சர். ஆனால் வொனோசோபோவுக்கே உரியது மீ ஓங்லோக். சிறிய மூங்கில் கூடையில் நூடில்ஸ், கோவா, வெங்காயத்தாள் போன்ற குச்சாய்க் கீரை ஆகியவற்றைப் போட்டுக் கொதிநீரில் பலமுறை அமிழ்த்தி எடுத்து, காய்ந்த இறாலும் கருப்பட்டியும் சேர்த்து மாக்கரைத்துக் காய்ச்சிய கெட்டிக் குழம்பை மேலே ஊற்றுகிறார்கள். பக்கத்தில் சோயா அவரையைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பேயை மாவில் தோய்த்துப் பொரித்து வைப்பார்கள். குளிருக்கு அது மிகவும் இதமானது. தியெங்கில் விளையும் கரிக்கா என்ற சிறிய மலைப்பப்பாளியைச் சீனிப்பாகில் இட்டுப் போத்தலில் விற்கிறார்கள். அதைப் பதப்படுத்தும் வேலையில் பெண்கள் பலர் ஈடுபட்டிருக்கிறார்கள்.

மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு, மலை தெளிவாகத் தெரியும். நவம்பர் முதல் மார்ச் வரை மழையும் மண்சரிவும் இருக்கும். யோக்யகர்த்தா வரை விமானத்தில் போய், அங்கிருந்து வேன் வண்டியில் மகெலாங் வழியாக வொனோசோபோ சென்று மேலே ஏறலாம். ஜூலை, ஓகஸ்டில் போவதானால் கையுறையும் தடித்த கம்பளிச் சட்டையும் அவசியம். தியெங்கில் விடியற்காலையில் பூச்சியத்துக்கும் கீழே குளிர் இறங்குவதுண்டு. தொழிற்சாலையையும் மலைகளையும் சுற்றிக்காட்டுவதற்குத் தோட்டத்திலேயே ஏற்பாடு இருக்கிறது. கொழுந்து வரும் நேரத்தைக் கேட்டறிந்துகொண்டு போனால் இயந்திரங்கள் ஓடுவதையும் பார்க்கலாம்.