'மக்கும் வலுவூட்டி'யா, 'கரையும் தாங்கி'யா?

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மருத்துவக் கலைச்சொற்பட்டியலின் வரைவில், தோள்பட்டையில் எலும்பைவிட்டு அறுந்த தசைநாணை (தசையை எலும்போடு பிணைப்பது) திரும்பத் தைக்கும்போது, தையலுக்கு வலுச்சேர்க்க அதன்மேல் வைத்துப் பிணைக்கும் பட்டைக்கு 'மக்கும் வலுவூட்டி' என்னும் சொல்லை முன்மொழிந்திருந்தீர்கள். மக்குதல் நுண்ணுயிர்களின் வேலை; நகராட்சிக் குப்பைத்தொட்டியில் எழுதியிருப்பதும் அச்சொல்தான். பாலிலாக்டிக் அமிலத்தால் (லாக்டிக் அமில மூலக்கூறுகள் சங்கிலியாய்க் கோத்த பொருள்) ஆன பட்டையை உடலுக்குள் சிதைப்பது நீர். நீராற்பகுப்பால் அதன் நெடுஞ்சங்கிலிகள் துண்டுபட்டு, லாக்டிக் அமிலமாகி, உடலின் வளர்சிதை மாற்றத்தில் சேர்ந்து, முடிவில் கரியமில வாயுவாகவும் நீராகவும் வெளியேறுகின்றன. மாற்றாக 'உயிரிச்சிதைவு' என்றால், உயிரியிலிருந்து எடுத்த பொருள் என்று படிக்க இடமுண்டு. அப்படி எடுத்தவை எல்லாம் உடலுக்கு இணக்கமானவையும் அல்ல. பன்றியின் சிறுகுடற் படலத்தால் செய்த ஒட்டுகள் தோளில் அழற்சியை உண்டாக்கி ஏமாற்றியது தாங்கள் அறிந்ததே.

'தையல் பிரிக்க வரவேண்டாம், தானே கரைந்துவிடும்' என்பது மருத்துவமனைகளில் அன்றாடப் பேச்சு. ஆகவே 'கரையும்' என்பதையே கொள்ளலாம் என்பது என் கருத்து. கரைந்த சர்க்கரை சர்க்கரையாகவே இருக்கிறது, இங்கே பொருளே மாறிவிடுகிறதே என்று வேதியியலார் மறுக்கலாம். மறுப்பு சரிதான், ஆயினும் நோயாளிக்கும் செவிலியருக்கும் பழகிய சொல்லைக் கைவிட அது போதாது.

அடுத்த சொல்லான 'வலுவூட்டி'க்கு மாற்றாக, கட்டடத்துக்குக் கட்டுவது போன்ற 'சாரம்' பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். செல்கள் பற்றிப் படர்வதற்கென்றே அமைத்த வலைக்கு அது பொருந்தும். இப்பட்டையின் முதற்கடமையோ தையல்மீது விழும் இழுவையைப் பகிர்ந்துகொள்வது. ஏனெனில், இத்தகைய தையல்களில் நூல் அறுவதைவிட, நலிந்த தசைநாணைக் கிழித்துக்கொண்டு நூல் வெளிவருவதே மிகுதி. எனவே 'தாங்கி' என்கிறேன். 'கரைதாங்கி' என்று வினைத்தொகையாக்கினால் காவிரிக்கரைக்காரர்கள் ஆற்றோரச் சுவரை நினைத்துவிடுவார்கள். 'கரையும் தாங்கி' என்றே இருக்கட்டும்.

இதனினும் முக்கியமான ஒன்று பதிவில் விடுபட்டிருக்கிறது. பொருள் மறையும் காலமும் வலு குன்றும் காலமும் ஒன்றல்ல. பாலிகிளாக்டின் என்னும் கரையும் தையல் நூல் முழுதாக மறைய 56 முதல் 70 நாள் ஆகும் என்றாலும், 3 வாரத்திலேயே அதன் வலுவில் ஏறத்தாழப் பாதி போய்விடுகிறது. தசைநாணோ மாதக்கணக்கில் ஆறுவது. அறுவை மருத்துவர் தாங்கியைத் தேரும்போது முதலில் பார்க்கவேண்டியது வலுவின் காலத்தையே. ஆதலால் 'கரைவுக் காலம்', 'வலுநீடிப்புக் காலம்' என்று இரண்டையும் தனித்தனிப் பதிவுகளாகச் சேர்க்க வேண்டுகிறேன்.

வரைவில் சில இடங்களில் 'தசைநார்' என்று வந்துள்ளது. அது எலும்போடு எலும்பைப் பிணைப்பது. அவ்விடங்களிலும் 'தசைநாண்' என்றே இருத்தல் வேண்டும்.