மண்டபத்தில் எங்களோடு படித்த முகாம் தோழர்களைத் தேடுகிறோம்

நண்பர்களுக்கு வணக்கம். பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்பட்ட 1988-இல் மண்டபத்தில் பத்தாம் வகுப்பை முடித்த கூட்டம் நாங்கள். இந்தக் கோடை விடுமுறையில்தான் முதல்முறையாக ஒன்றுகூடினோம். வழுக்கையும் தொப்பையுமாக வந்தவர்களைப் பட்டப்பெயர் சொன்ன பிறகே அடையாளம் தெரிந்தது. பாலம் வருமுன் தீவுப் பையன்களுக்கு ரயிலை விட்டால் வழியில்லை. "ரயில் தாமதம் சார்" என்ற பழைய சாக்கை அன்றும் ஒருவன் சொன்னான், வாத்தியார் அன்றும் நம்பவில்லை. சீலா மீன் குழம்பு பிரமாதம்.

ஆனால் வராதவர்களைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். 1983 கலவரத்துக்குப் பின் மன்னார்ப் பக்கமிருந்து படகேறி வந்து, அகதிகள் முகாமில் தங்கி எங்களோடு படித்தவர்கள். கணக்கில் அவர்களை முந்த எங்களில் ஆளில்லை. திடீரென ஒரு திங்கட்கிழமை பெஞ்சு காலியாக இருக்கும். வேறு மாவட்ட முகாமுக்கு மாற்றிவிட்டார்கள் என்பார்கள். விலாசம் கேட்டு வைக்க எங்களுக்கு ஏது வயது?

கும்மிடிப்பூண்டி, பவானிசாகர் முகாம்களிலோ மன்னாரிலோ பழக்கமுள்ளவர்கள் விசாரித்துச் சொல்ல முடியுமா? சிலர் கடல் கடந்தும் போயிருக்கலாம். அந்த ஆண்டு வகுப்புப் புகைப்படம் யாரிடமாவது இருந்தாலும் நகல் தேவை. எங்களிடமிருந்ததை உப்புக்காற்று தின்றுவிட்டது. தயவுசெய்து யாருடைய பெயரையும் எண்ணையும் இங்கே பொதுவில் போடாதீர்கள், எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். அடுத்த சந்திப்பு பொங்கல் விடுமுறையில்.