‘ஒரே கூரை’ குழு: கார்த்தியோட பவுச்

வியாழன்

கார்த்தி: சனிக்கிழமை ஸ்நோர்கெலிங்குக்கு தண்ணி புகாத போன் பவுச் வந்தாச்சு. ஐபிஎக்ஸ்8னு போட்டிருக்கு. போனை உள்ள போட்டு மூடிட்டு அப்படியே குதிச்சிடலாம்ல?

மீனு: 🐠🐠🐠

லதா: மாஸ்க் மாட்டி மீன் பார்க்கப் போறப்ப கடலுக்குள்ள எதுக்குடா போன்? கரையில நின்னு எடுத்தா ஆகாதா

பவி: மீன் கரைக்கு வராதே அத்தை

ரகு: கார்த்தி, குதிக்காதே. முழுசா படிச்சிட்டு பதில் போடு.
ஐபிஎக்ஸ்ங்கறது தண்ணி எவ்வளவு தாங்கும்னு சொல்ற குறியீடு. 7னா 1 மீட்டர் ஆழம், 30 நிமிஷம். 8னா அதைவிடக் கடுமையானது, ஆனா எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம்னு தயாரிக்கிறவன்தான் சொல்றான். ரெண்டுமே நல்ல தண்ணியில அசையாம வெச்சுப் பார்த்த சோதனை. படகுல இருந்து குதிக்கும்போது பவுச் வாயில தண்ணி அறையுற வேகம் அந்தக் கணக்குல இல்லவே இல்ல. ஏணி வழியா இறங்கு. இல்லன்னா நீ முதல்ல இறங்கிட்டு, அப்புறம் மேல இருக்கறவங்க கையில இருந்து பவுச்சை வாங்கிக்கோ. அட்டையில எத்தனை மீட்டர்?

கார்த்தி: 30

ரகு: நீ போகப்போறது 2, 3 மீட்டர். அட்டையில இருக்கற 30ஐ மறந்துடு.

சுதா: ஆரம்பிச்சிட்டான்

ரகு: அக்கா, கேட்டவனுக்கு சொல்றேன்.

ரகு: இன்னைக்கு ராத்திரி செய்ய வேண்டியது. போனை உள்ள வைக்காதே. டிஷ்யூ பேப்பரை மடிச்சு உள்ள வை, கூடவே கூழாங்கல்லோ நாலு நாணயமோ போடு, இல்லன்னா மிதக்கும். மூடினதும் ரெண்டு கையால அழுத்தி குமிழி வருதான்னு பாரு. அப்புறம் வாளித் தண்ணியில அரை மணி நேரம் முழுசா முங்கி இருக்கட்டும். எடுத்ததும் வெளிப்பக்கத்தையும் கையையும் நல்லா துடைச்சிட்டு, வாயைக் கீழ்ப்பக்கமா பிடிச்சுத் திற. மூடி இடுக்குல நிக்கிற சொட்டு உள்ள விழுந்து டிஷ்யூ நனைஞ்சா, பவுச் ஒழுகுதுன்னு நெனச்சிடுவே.
டிஷ்யூவைக் கையால மட்டும் தொட்டுப் பார்க்காதே. லைட்டுக்கு நேரா பிடி, ஓரத்துல ஒரு புள்ளி ஈரம் இருந்தாலும் தெரியும்.

மீனு: அப்பா இது வாட்ஸ்அப். பரீட்சை பேப்பர் இல்ல

சேகர்: இவ்வளவு பாடு எதுக்கு. என் டிஜிட்டல் கேமரா சும்மாதான் கிடக்கு. அதைப் பையில போட்டு எடுத்துட்டுப் போ.

ரகு: வேண்டாம் அண்ணே. அதுல சுவிட்ச் போட்டா லென்ஸ் வெளிய நீளும். போன் பவுச்சுல அதுக்கு இடம் கிடையாது. பிளாஸ்டிக் தடுக்கும், மேல தண்ணி அழுத்தம் வேற. மோட்டார் தள்ளப் பார்த்து முடியாம லென்ஸ் எரர் காட்டி நின்னுடும், பல்சக்கரம் போயிடும். அந்த மாதிரி கேமராவுக்கு முன்னாடி கெட்டியான குழாய் வெச்ச பவுச் தனியா வருது. குழாய்க்குள்ள லென்ஸ் முழுசா நீண்டாலும் முட்டாதான்னு அளந்துதான் வாங்கணும்.

சுதா: அண்ணா எந்தக் கேமராவைச் சொல்றீங்க? அப்பாவோடதா?

சேகர்: அது இல்ல. அது பிலிம் கேமரா. பத்திரமா பூட்டி வெச்சிருக்கேன்.

ரகு: ஆமா. பூட்டிதான் இருக்கு.

லதா: தம்பி

ரகு: ஒண்ணும் சொல்லல அண்ணி.

மீனு: 👀

பவி: பேச்சு பவுச்சுக்கு வரட்டும். மாமா, தண்ணிக்குள்ள டச் வேலை செய்யுமா? விளம்பரத்துல செய்யுதே

ரகு: தண்ணிக்கு மேல செய்யும். உள்ள போனா நம்பாதே. விரல் பட்ட இடத்துல மின்னூட்டம் மாறுறதை வெச்சுத்தான் திரை கண்டுபிடிக்குது. சுத்தியும் உப்புத் தண்ணி இருக்கு, அதுவும் மின்சாரம் கடத்தும், பவுச்சோட பிளாஸ்டிக் தாளை மொத்தமா திரை மேல அழுத்தவும் செய்யும். போனுக்கு எது விரல் எது தண்ணின்னு புரியாது. தானா செல்ஃபிக்குத் திரும்பும், தானா வேற ஆப் திறக்கும். அதனால:
வால்யூம் பட்டன்தான் ஷட்டர். சில போன்ல அது ஜூமுக்கு வெச்சிருப்பான், கேமரா செட்டிங்ஸ்ல மாத்து. பவுச்சுக்குள்ள போட்டு, தாளுக்கு மேலயே அமுக்கிப் பழகு. தடிச்ச தாள்னா ஒரு அமுக்கு ரெண்டு அமுக்கா விழும்.
திரை அணையுற நேரத்தை இருக்கறதுலயே அதிகமா வை. அணைஞ்சா போச்சு. மாஸ்க் போட்ட முகத்தைப் போன் அடையாளம் காணாது, ஈரத்தாள் வழியா ரேகையும் எடுக்காது.
ஏரோப்ளேன் மோட். நடுக்கடல்ல யாராவது கூப்பிட்டா கேமரா போய் அழைப்புத் திரை வந்து நிக்கும்.

மீனு: யாராவது = அத்தை

சுதா: நான் கூப்பிடறது நீங்க எடுக்காததாலதான்

கார்த்தி: வீடியோன்னா?

ரகு: மேலயே ரெக்கார்ட் அமுக்கிட்டு இறங்கு, மேல வந்து நிறுத்து. வீடியோல இருந்து அப்புறம் படம் வெட்டிக்கலாம். முதல் தடவை போறவங்களுக்கு அதுதான் எளிசு. ஆனா போன் சூடாகும், அதுல ஒரு சிக்கல் இருக்கு. சொல்றேன்.

ரகு: 🎤 குரல் செய்தி 3:12

பவி: மாமா எழுதிடுங்க ப்ளீஸ். மீட்டிங்ல இருக்கேன்

மீனு: யாரும் கேக்க மாட்டாங்கப்பா

ரகு: சரி. பனி. உள்ள மாட்டின காத்துல ஈரம் இருக்கும். போன் சூடாகும்போது அந்தக் காத்தும் சூடாகும், வெளிய கடல் குளிர்ச்சி, ஈரமெல்லாம் லென்ஸுக்கு முன்னாடி இருக்கற ஜன்னல் தாளோட உள்பக்கம் படிஞ்சிடும். அதுக்கப்புறம் எடுக்கறது எல்லாம் பால் கொட்டின மாதிரிதான் இருக்கும். துடைக்க வழியே இல்ல, படகுல திறக்கவும் கூடாது.
காலையில ஏசி ஓடுற ரூம்லயே போனை உள்ள வெச்சு மூடிடு. அங்க காத்துல ஈரம் கம்மி. ஈரத்தை உறிஞ்சற சிலிக்கா ஜெல் சின்னப் பொட்டலம் ரெண்டு போடு, லென்ஸை மறைக்காம கீழ்ப்பக்கம். செருப்பு டப்பாவுல வர்றதுதான், ஆனா ரொம்ப நாள் திறந்து கிடந்தது பயன்படாது.
முக்கியமா, பவுச் மிதக்கணும்னு வாயால ஊதாதே. மூச்சுக் காத்து முழுக்க ஈரம்.

கார்த்தி: ஊதலாம்னுதான் இருந்தேன் 😬

சேகர்: அப்ப காத்தே இல்லாம மூடினா?

ரகு: அதுவும் சரி வராது அண்ணே. கொஞ்சம் காத்து இருந்தாத்தான் தாள் திரையில ஒட்டாது, கை நழுவினாலும் மிதக்கும். அதிகமானா ஜன்னல் உப்பி லென்ஸை விட்டு விலகிடும், படத்துல மங்கலும் பிரதிபலிப்பும் வரும். லென்ஸ் பக்கம் தாள் போனை ஒட்டி இருக்கணும், திரைப்பக்கம் லேசா தளர்வா இருக்கணும். அவ்வளவு காத்து போதும்.
மேல மிதக்குதுன்னு ஆழத்துலயும் மிதக்கும்னு நெனைக்காதே. 3 மீட்டர்ல உள்ள இருக்கற காத்து கிட்டத்தட்ட கால்வாசி சுருங்கும், 10 மீட்டர்ல பாதி. போன் கவரைக் கழட்டிட்டு உள்ள போடு. தனி மிதவைப் பட்டை ஒண்ணு மாட்டிடு, ஆரஞ்சோ மஞ்சளோ. நீலம் வாங்காதே, கடல்ல தேடணும்.

லதா: கழுத்துல மாட்டிக்கட்டும். தொலையாது

ரகு: கழுத்துக் கயிறு வேண்டாம் அண்ணி. மூச்சு விடற ஸ்நோர்கெல் குழாய்ல, லைஃப் ஜாக்கெட் வார்ல, ஏணியில மாட்டும். மணிக்கட்டுப் பட்டைதான்.

லதா: 😟

பவி: அத்தை பயப்படாதீங்க. எல்லாரும் ஜாக்கெட் போடுவோம்

சேகர்: படகுல இன்னும் ஒரு இடம் இருக்காமே. நானும் வரலாம்னு பார்க்கறேன்.

மீனு: பெரியப்பா!!! 🎉

பவி: பெரிய மாமா, மீசை இருந்தா மாஸ்க் ஓரத்துல தண்ணி வரும். எடுத்துடுங்க

சேகர்: அதெல்லாம் முடியாது.

லதா: மீசைக்காக உயிரை விடுவாரு

சுதா: அண்ணா மீசை எடுத்தா நானும் வரேன்

கார்த்தி: அத்தை இடம் ஒண்ணுதான் இருக்கு

சேகர்: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மீனு: என்ன போட்டீங்க பெரியப்பா

இரவு 9:40

கார்த்தி: டிஷ்யூ டெஸ்ட் முடிஞ்சது. காய்ஞ்சு இருக்கு. ஒரு மூலையில மட்டும் ஏதோ மாதிரி இருக்கு 📷

ரகு: பெருசாக்கிப் பார்த்தேன். மூடி மூலையில நூல் மாதிரி ஒண்ணு தெரியுது பார். துணி நூலோ முடியோ. ஒரு முடி போதும், ஒரு மணல் போதும், மூடி அந்த இடத்துல பொருந்தாது. நுண்ணிழைத் துணியால துடை, டிஷ்யூவால துடைக்காதே, அதுவே தும்பு விடும். விரலை ஓட்டிப் பாரு. மறுபடி அரை மணி. ரெண்டாவது தடவையும் ஈரம்னா அந்தப் பவுச்சுல போன் போடாதே.
மடிக்கிற இடத்தையும் வளைச்சுப் பாரு. வெள்ளைக் கோடு விழுந்திருந்தா அங்கதான் கிழியும்.
வாளி அரை மீட்டர்கூட இருக்காது, அதனால மூடி சரியான்னு மட்டும்தான் தெரியும். கடல்ல முதல்ல டிஷ்யூவோட ஒரு தடவை முங்கிட்டு, அப்புறம் போனை வைக்கறதுதான் சரி.

பவி: படகுல திறக்கக் கூடாதுன்னீங்க. ஏசி ரூம்ல மூடச் சொன்னீங்க. அப்புறம் கடல்ல எப்படி டிஷ்யூ?

ரகு: நல்ல கேள்வி.

மீனு: அப்பா மாட்டிக்கிட்டார் 🔥

ரகு: மாட்டல. ரெண்டுல ஒண்ணைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். எனக்கு ஒழுகல்தான் பெரிய பயம், பனி வந்தா படம்தான் போகும், போன் போகாது. ரெண்டு பவுச் இருந்தா ஒண்ணுல டிஷ்யூ, ஒண்ணுல போன்னு கொண்டு போகலாம், ஆனா அது இந்தப் பவுச்சைச் சோதிச்ச மாதிரி ஆகாது. நீச்சல் குளம் இருந்தா நாளைக்கே ஆழமான பக்கம் போய்ப் பார்த்துடுங்க. அதோட விஷயம் முடிஞ்சது.

கார்த்தி: நாளைக்கு லீவு இல்ல சித்தப்பா

பவி: மீனு ஃப்ரீதான்

மீனு: நான் ஃப்ரீ இல்ல

வெள்ளி

பவி: எடுத்த படம் எல்லாம் பச்சையா வருதுன்னு சொல்றாங்களே, ஃபில்டர் வாங்கணுமா?

ரகு: வேண்டாம். தண்ணி சிவப்பைத்தான் முதல்ல விழுங்கும். 5 மீட்டர் போறதுக்குள்ள பெரும்பாலும் போயிடும். ஆழம் மட்டும் இல்ல, உனக்கும் மீனுக்கும் நடுவுல இருக்கற தண்ணியும் கணக்கு. 2 மீட்டர் ஆழத்துல 4 மீட்டர் தள்ளி நிக்கிற மீனை எடுத்தா நீலமாத்தான் வரும். சிவப்பு ஃபில்டர் இன்னும் ஆழமா போறவங்களுக்கு. நீங்க போற ஆழத்துல படம் ரோஸ் கலரா ஆகிடும், வெளிச்சமும் குறையும்.
கிட்டப் போ, ஒரு மீட்டருக்குள்ள. ஜூம் பண்ணாதே. மாஸ்க் வழியா எல்லாம் மூணுல ஒரு பங்கு பெருசா தெரியும், கிட்ட வந்துட்டோம்னு தோணும், வந்திருக்க மாட்டே. ஃப்ளாஷ் ஆஃப். தாள்ல பட்டுத் திரும்பும், தண்ணியில மிதக்கற தூசியெல்லாம் வெள்ளைப் புள்ளியா நிக்கும்.
சூரியன் முதுகுப் பக்கம். 10 மணியில இருந்து 2 மணி வரை வெளிச்சம் நேரா இறங்கும், அதுக்கப்புறம் சாய்ஞ்சு மேலயே நிறைய திரும்பிடும். மேல இருந்து கீழ பார்த்து எடுத்தா மீன் முதுகும் தரையும்தான். மீன் மட்டத்துக்கு இறங்கி, லேசா மேல பார்த்து எடு.
கேமராவுல நாமே எல்லாம் மாத்தற ப்ரோ மோட் இருந்தா ஷட்டர் 1/250 செகண்ட், ரா ஃபைலும் (சுருக்காத மூலப் படம்) சேர்த்து வை. நிறத்தைப் பின்னாடி மீட்கலாம்.

மீனு: 0.5 வைக்கலாமா, அந்த அகல லென்ஸ்?

ரகு: முதல்ல பவுச்சுல போட்டு வீட்லயே பாரு. மூலை கருப்பா வந்தா ஜன்னல் பத்தலன்னு அர்த்தம். வந்தா 1தான்.
இறங்கினதும் ஜன்னல் வெளிப்பக்கம் ஒரு தடவை கையால வழிச்சு விடு, குமிழி ஒட்டியிருக்கும். சன்ஸ்க்ரீன் பூசின விரலை மட்டும் அங்க வைக்காதே.

லதா: தம்பி, மூச்சு பிடிச்சு இறங்கறது ஆபத்து இல்லையா?

ரகு: ஆபத்துதான் அண்ணி. ஜாக்கெட்டைக் கழட்டி இறங்கற ஆள் நீச்சல் நல்லா தெரிஞ்சவனா இருக்கணும். ஒருத்தர் இறங்கினா ஒருத்தர் மேல இருந்து பார்க்கணும். இறங்கறதுக்கு முன்னாடி வேக வேகமா மூச்சு இழுத்து விடவே கூடாது. மூச்சு முட்டற உணர்வு வர்றதுக்கு முன்னாடியே மயக்கம் வந்துடும், 2 மீட்டர் தண்ணியிலயே. நல்ல ஷாட்டுக்காக இன்னும் ரெண்டு செகண்ட் இருக்கலாம்னு தோணும்போது மேல வந்துடணும். பவளத்து மேல நிக்கறதோ பிடிக்கறதோ கூடாது.

லதா: கார்த்தி இதைப் படிச்சியா

லதா: கார்த்தி

கார்த்தி: படிச்சேன்மா 👍

சுதா: எடுத்ததை எல்லாம் இந்தக் குழுவுல போடாதீங்க. என் போன் நிறைஞ்சு போச்சு

ரகு: போட்டாலும் டாக்குமெண்டா அனுப்புங்க, இல்லன்னா சுருக்கிடும். முடிஞ்சதும் மூடின பவுச்சை நல்ல தண்ணியில முக்கி அலசணும், உலர்த்தணும், தலைமுடியைத் துடைச்சிட்டுத்தான் திறக்கணும். சொட்டு அங்க இருந்துதான் விழும். படகுல இருக்கும்போது பவுச்சை வெயில்ல வைக்காதே. ஐபோனையே 35 டிகிரி வரைதான் பயன்படுத்தச் சொல்றான், காத்துப் போகாத பைக்குள்ள இன்னும் சீக்கிரம் சூடாகும். ஈரத் துண்டுக்கு அடியில வை.

சேகர்: தண்ணி புகுந்தா அரிசியில போட்டுடுங்க. சரியாகிடும்.

ரகு: அண்ணே வேண்டாம். ஆப்பிளே 2024-ல எழுத்துல சொல்லிட்டான், அரிசித் துணுக்கு போனைக் கெடுக்கும்னு. உடனே ஆஃப் பண்ணணும், சார்ஜ் போடவே கூடாது. உப்புத் தண்ணி காய்ஞ்சாலும் உப்பு உள்ளயே தங்கி அரிக்கும். அதனால ஐபி ரேட்டிங் இருக்கற போன்னா நல்ல தண்ணியில லேசா அலசி, சார்ஜ் ஓட்டை கீழ பார்க்கத் தட்டி, காத்தோட்டத்துல வெச்சிட்டு சர்வீஸுக்குக் கொண்டு போ. ரேட்டிங் இல்லாத போனை அலசாதே, ஆஃப் பண்ணி நேரா கொண்டு போ.

சேகர்: அரிசியில போட்டு என் போன் சரியாச்சு.

ரகு: சரி அண்ணே.

சுதா: 😂😂

பவி: முடிவா என்ன? யார் போன் போகுது?

கார்த்தி: என்னோடது புதுசு. மீனுவோட பழைய போன்?

மீனு: ஏன் என்னோடது

ரகு: பழசுன்னா பின்னாடி கண்ணாடி விரிசல் இல்லாம இருக்கா பாரு. விரிசல் இருந்தா, பவுச் ஒழுகினா போன் தாங்காது. ஆனா போனா போகட்டும்னு இருக்கற போன்தான் கடலுக்குச் சரி.

மீனு: போனா போகட்டுமா???

பவி: ரெண்டாவது டிஷ்யூ டெஸ்ட் என்னாச்சு கார்த்தி?

கார்த்தி: வாளியில போட்டுட்டு தூங்கிட்டேன். இப்பவும் வாளியிலதான் இருக்கு

ரகு: எடுத்துப் பாரு. துடைச்சிட்டுத் திற.

லதா: அந்த வாளியில நான் துணி ஊற வெச்சுட்டேனே

சேகர்: சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பணும்?