பேத்தியின் இரண்டாவது பிறந்தநாளும் நாங்கள் பார்த்த வேலையும்

பேத்தியின் பிறந்தநாளை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று மகள் சொன்னதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நானும் அவள் தாத்தாவும் முந்தின நாளே போய்விட்டோம். போனவுடன், குழந்தை மதியம் எத்தனை மணிக்குத் தூங்கி எழுகிறாள் என்றுதான் முதலில் கேட்டேன். இந்த வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். அது கெட்டால் அன்றைக்கு முழுக்க அழுகைதான். இரவு 7 மணிக்கு என்று திட்டம் போட்டிருந்தார்கள். 4:30க்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "கூட வேலை பார்க்கிறவங்க வர முடியாதே அத்தை" என்று மருமகன் தயங்கினார். "அவங்களை இன்னொரு நாள் கூப்பிட்டுக்கலாம் மாப்பிள்ளை, இன்னைக்கு இவளுக்காகத்தானே" என்றதும் சரி என்று ஒப்புக்கொண்டார்.

அலங்காரம் தாத்தா பொறுப்பு. பலூன் விஷயத்தில் அவர் கறாரானவர். ஊதாத பலூனோ, வெடித்த பலூனின் துண்டோ குழந்தையின் வாய்க்குள் போனால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். 8 வயது வரைக்கும் இந்த ஆபத்து உண்டு. அதனால் பலூனே வேண்டாம் என்று வண்ணக் காகிதத்தை வெட்டி, அவள் கைக்கு எட்டாத உயரத்தில் தோரணமாகக் கட்டினார்.

பரிசுகளையும் அவர்தான் முதலில் பிரித்துப் பார்த்தார். ஒன்றில், திறந்தால் பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை. அதற்குள் இருப்பது பொத்தான் மாதிரி சின்ன பேட்டரி. அதைக் குழந்தை விழுங்கி, உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தால்கூட உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். அட்டையை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். கொடுத்தவர் மனசு நோகாமல் காரணத்தைச் சொன்னோம், அவரும் புரிந்துகொண்டார்.

எல்லாரும் சேர்ந்து கைதட்டிப் பாடியபோது குழந்தை மிரண்டு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். உடனே உள்ளறைக்குத் தூக்கிப் போய்விட்டேன். பெற்றவர்கள் வந்தவர்களைக் கவனித்தாக வேண்டும். குழந்தையோடு தனியாக உட்கார நமக்குத்தானே நேரம் இருக்கிறது! கொஞ்ச நேரம் கட்டைகளை அடுக்கி விளையாடினோம். அப்புறம் அவளே என் விரலைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். இரண்டாவது முறை மெதுவாகப் பாடச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டாள்.

* * *

மேலே பேத்தியைப் பற்றி அந்த அம்மா எழுதியதைப் படித்ததும், இன்னொரு வீட்டுப் பெரியவனான எனக்கும் எங்கள் அனுபவத்தைச் சொல்லத் தோன்றியது. பேரனுக்கு ஒரு வயது நிறைந்த நாள். புதிய முகத்தைக் கண்டு அஞ்சுவது 8, 9 மாதத்தில் ஆரம்பிக்கிறது, ஒரு வயதில் அது நன்றாகவே இருக்கும். வந்தவர்கள் ஆளாளுக்குத் தூக்கக் கேட்டார்கள். "அவனே வருவான், கொஞ்சம் பொறுங்க" என்று நான் வாசலிலேயே சொல்லி அனுப்பினேன். மருமகள் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள், வீட்டுப் பெரியவர் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. என் மாத்திரை டப்பாவைப் பூட்டி வைத்தேன். வந்திருந்த பெரியவர்களின் கைப்பைகளையும் வாங்கி மேலே வைத்தேன், அவற்றிலும் மாத்திரை இருக்குமே. தரையில் தவழ்கிற பிள்ளை எதையும் வாயில்தான் போடும்.