ரஸ்டின் சோதனைக் கருவி கிளிப்பி சொன்னபடி அட்டாமிக்குக்கு மாற்றினேன், த்ரெட் எழவே மாட்டேன் என்கிறது

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையின் எடைமேடைக்கான ரஸ்ட் புரோகிராம். ரஸ்ட் 1.80, ராஸ்பெர்ரி பை 4. சீரியல் போர்ட்டைப் படிக்கும் த்ரெட், எடை நிலைத்ததும் ஒரு பூலியனை ட்ரூ ஆக்கி நோட்டிஃபை கொடுக்கும். சீட்டு அச்சிடும் பிரிண்ட் த்ரெட் காண்ட்வாரில் (நோட்டிஃபை வரும்வரை த்ரெட்டைத் தூங்க வைப்பது) காத்திருக்கும்.

போன வாரம் கிளிப்பியின் மியூடெக்ஸ்_அட்டாமிக் லின்ட்டை (சோதனை விதி) டினை (மீறினால் பிழை) ஆக்கினோம் (ரெஸ்ட்ரிக்‌ஷன் வகை, தானாக ஓடாது). பூலியனுக்கு மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விடும் லாக்) எதற்கு, அட்டாமிக்பூல் (லாக் இல்லாமலே த்ரெட்டுகள் பகிரும் பூலியன்) போதுமே என்றது. மாற்றிவிட்டு, காண்ட்வாருக்கு கார்டு (லாக்கைப் பிடித்ததும் கிடைக்கும் guard) வேண்டுமே என்று ஒரு காலி மியூடெக்ஸை மட்டும் விட்டேன். அன்றிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை லாரி மேடையில் நிற்கிறது, சீட்டு வருவதில்லை.

காரணம் தெரிகிறது. ஸ்டோர் லாக் இல்லாமல் நடக்கிறது. பிரிண்ட் த்ரெட் ஃபால்ஸ் என்று பார்த்ததற்கும் வெயிட்டில் நுழைவதற்கும் நடுவே ஸ்டோர், நோட்டிஃபை இரண்டும் முடிந்துவிடுகின்றன; காத்திருக்கத் தொடங்கும் முன்பே வந்த நோட்டிஃபை வீணாகிறது.

அட்டாமிக்கின் மெமரி ஆர்டரிங்கை ரிலாக்ஸ்டிலிருந்து சீக்வென்ஷியலாக்கிப் பார்த்தேன், பலனில்லை. 200 மில்லிசெகண்ட் வெயிட்_டைம்அவுட் போட்டால் சீட்டு வருகிறது, ஆனால் அது ஒட்டுப்போட்ட வேலை. லாக்குக்குள் ஸ்டோர் செய்தால் சரியாகிறது. அப்புறம் அட்டாமிக் எதற்கு?

காண்ட்வாரோடு வரும் பூலியனுக்கு, பழைய மியூடெக்ஸையே வைத்து அந்த இடத்தில் மட்டும் அலவ் (லின்ட்டிலிருந்து விலக்கு) போடுவீர்களா, இல்லை லாக்குக்குள் அட்டாமிக்கா?