ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் கோட்டைக்குள் தங்கலாமா?

கேள்வி: டிசம்பரில் அம்மாவோடு போகிறேன். அவருக்கு முட்டி வலி. கோட்டைக்குள்ளேயே அறை எடுக்கலாமா?

பதில்: வேண்டாங்க. 1156இல் எழுப்பிய கோட்டை. இன்றும் உள்ளே ஜனங்கள் குடியிருக்கிறார்கள். குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் கசிந்து அடிமண்ணை இளக்குகின்றன. உள்ளே விடுதிகள் பெருகியதும் இதற்கு ஒரு காரணம். வெளியே தங்கினால்தான் சாயங்கால வெயிலில் மஞ்சள் கல் மதில் மொத்தமும் தகதகப்பது தெரியும்.

இன்னொருவர்: நாலு வாசலையும் ஏறித்தான் கடக்கணும். தளக்கல் தேய்ந்து வழுவழுவென்று கிடக்கும்; அம்மாவுக்குப் பிடிமானமான செருப்பு முக்கியம். கோட்டைக்குள் இருக்கும் சமணக் கோயில்களுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். தோல் பெல்ட் அறையிலேயே இருக்கட்டும், உள்ளே விடமாட்டார்கள்.

கேட்டவர்: சரி, வெளியிலேயே பார்க்கிறேன். ராத்திரி குளிருமா?

இன்னொருவர்: நடுங்கும்! பகல் வெயிலை நம்பி ஸ்வெட்டரை விட்டுவிடாதீர்கள்.