வீட்டுப் போர்ட்டிகோவில் டூயல் ஸ்போர்ட் வண்டி: பாகம் மாற்றியவர்களின் அனுபவங்கள்

கோவை, எக்ஸ்பல்ஸ் 200

வீட்டிலேயே வண்டி வேலை செய்கிறவர்கள் அவரவர் அனுபவத்தை எழுதினால் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும், அதனால் நானே ஆரம்பிக்கிறேன். என்னிடம் இருப்பது எக்ஸ்பல்ஸ் 200, தார் ரோடு, மண் ரோடு இரண்டிலும் ஓட்டுகிற டூயல் ஸ்போர்ட் பைக். பட்டறை என்று தனியாக எதுவும் கிடையாது, கார் நிற்கிற போர்ட்டிகோவில் ஒரு மூலை, ஒரு ஜாக்கி, ஒரு டார்க் ரெஞ்ச், ரிங் ஸ்பேனர் செட், அவ்வளவுதான்.

இந்த மாதிரி வண்டி வாங்கினதும் பலரும் முதலில் கை வைப்பது சைலன்சரில். நான் அதைத் தொடவே இல்லை. 199.6 சிசி இன்ஜின், சுமார் 18 குதிரைத்திறன் தருகிற வண்டி. சைலன்சரை மாற்றினால் சத்தம் கூடும், ஓட்டத்தில் பெரிதாக எதுவும் கூடாது. இந்த வண்டியின் உயிர் அதன் 21 அங்குல முன்சக்கரத்திலும், முன்னால் 190 மி.மீ., பின்னால் 170 மி.மீ. அமுங்குகிற சஸ்பென்ஷனிலும் இருக்கிறது. எனவே பணம் போட வேண்டிய வரிசை என்னைப் பொறுத்தவரை இதுதான்: முதலில் டயர், அப்புறம் சஸ்பென்ஷன், அப்புறம் கையும் காலும் உட்காரும் இடங்கள். இன்ஜின் கடைசி, அதுவும் தேவைப்பட்டால்.

நான் ரேலி கிட் போட்டேன், அதாவது வண்டியை உயர்த்துகிற நீளமான சஸ்பென்ஷனும் அதற்கான பாகங்களும் சேர்ந்த செட். அதில் முன்னால் 250 மி.மீ., பின்னால் 220 மி.மீ. அமுங்கும், தரையிலிருந்து வண்டியின் அடிப்பகுதி 220 மி.மீ. உயரத்திலிருந்து 275 மி.மீ. ஆகிவிடும், சீட் 874 மி.மீ.க்குப் போகும். எண்ணைக் கேட்கும்போது சந்தோஷமாக இருக்கும். ஆனால் சஸ்பென்ஷனை மட்டும் மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிட முடியாது. வண்டி உயர்ந்தால் பழைய சைடு ஸ்டாண்டு குட்டையாகிவிடும், வண்டி ஒரேயடியாகச் சாய்ந்து நிற்கும். அதனால்தான் கிட்டிலேயே நீளமான ஸ்டாண்டு தருகிறார்கள். ஹெட்லைட் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று சுவர் முன்னால் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஹேண்டில்பாரை உயர்த்த அடியில் ரைசர் போட்டால் முன் பிரேக் ஹோஸ், கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் மூன்றும் இழுபடும். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஃபோர்க் (முன் சஸ்பென்ஷன் குழாய்கள்) முழுக்க நீண்டு தொங்கும் நிலையில் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது திருப்பினால் ஆர்பிஎம் (இன்ஜின் சுற்றும் வேகம்) தானாக ஏறுகிறதா என்றும் பாருங்கள். ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம், அதோடு ரோட்டுக்கு எடுக்கவே கூடாது.

செயினைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பின் சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயினின் இறுக்கம் மாறிக்கொண்டே இருக்கும். முன் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல் சக்கரம்) நடு, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் போல்ட், பின்சக்கர ஆக்சில் இந்த மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போதுதான் செயின் அதிகபட்சம் இறுகும். எனவே பின்னால் இருக்கிற ஒற்றை ஷாக் அப்சார்பரான மோனோஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் தூக்கி அந்த நேர்கோட்டுக்குக் கொண்டுவந்து, அந்த இடத்தில் செயினில் கொஞ்சம் தொய்வு மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தேன். மிச்சம் இருக்கும்படி வைத்து, மோனோஷாக்கைத் திரும்ப மாட்டி, ஸ்டாண்டில் நிற்கும்போது எவ்வளவு தொய்வு வருகிறது என்று அளந்து ஸ்விங் ஆர்மில் பெயிண்ட் மார்க்கரால் எழுதி வைத்துவிட்டேன். இனி எப்போது செயின் டைட் செய்தாலும் அந்த அளவுதான். ஸ்டாண்டில் பார்க்கும்போது செயின் லூசாகத் தெரியும், பயப்பட வேண்டாம். அதைப் பார்த்துவிட்டு இறுக்கினால் பள்ளத்தில் இறங்கும்போது கியர்பாக்ஸ் பேரிங் அடி வாங்கும்.

அடுத்தது சேக். நாம் ஏறி உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் எவ்வளவு இறங்குகிறது என்கிற கணக்கு. மொத்த அமுக்கத்தில் சுமார் 30 சதவீதம் இறங்கினால் சரி, அதாவது 220 மி.மீ.க்கு 65 மி.மீ. பக்கம். பின்சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது ஆக்சிலிலிருந்து டெய்ல் பேனலில் ஒரு புள்ளி வரை அளக்க வேண்டும், அப்புறம் ஹெல்மெட், ஷூ எல்லாம் போட்டு ஏறி உட்கார்ந்து அதே அளவை இன்னொருவர் எடுக்க வேண்டும். என் மனைவிதான் டேப் பிடித்தார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சேக். இதற்கு ஒரு பைசா செலவில்லை. எந்தப் பாகமும் வாங்காமல் முதலில் இதை மட்டும் செய்து பாருங்கள், பாதிப் பேருக்கு அதுவே போதும்.

தேனி, எக்ஸ்பல்ஸ் 200 4வி

அண்ணா எழுதியதற்கு நேர் எதிர்த்திசையில் என் அனுபவம். என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். கம்பெனியிலிருந்து வரும் 823 மி.மீ. சீட்டே எனக்கு அதிகம். பார்க்கிறவர்கள் எல்லோரும் "பின்னால் இறக்கிவிடு" என்றுதான் சொன்னார்கள். பின்பக்கத்தை மட்டும் இறக்கினால் ஃபோர்க் இன்னும் சரிந்த கோணத்துக்குப் போய்விடும், ஹேண்டில் மந்தமாகத் திரும்பும், போடிப் பக்கக் கொண்டை ஊசி வளைவுகளில் அது நன்றாகவே தெரியும். சைடு ஸ்டாண்டும் நீளமாகிப்போய் வண்டி நிமிர்ந்து நிற்கும், காற்றடித்தால் மறுபக்கம் சாய்ந்துவிடும்.

நான் செய்தது சீட்டில். கவரைப் பிரித்து, ஸ்பான்ஜின் நடுவை விட்டுவிட்டு தொடை வரும் இரண்டு ஓரங்களைத்தான் அதிகம் செதுக்கினோம். தையல் கடைக்காரர் ஒருவர் பொறுமையாக நான்கைந்து தரம் உட்கார வைத்துப் பார்த்துப் பார்த்துச் செதுக்கிக் கொடுத்தார். சீட்டின் உயரத்தைவிட அகலம்தான் கால் எட்டாமல் தடுக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. அடுத்து மோனோஷாக் பிரிலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைத்திருக்கிற அளவை, குறைத்தேன். நான் எடை குறைவு, ஆகவே கம்பெனி வைத்திருந்த பிரிலோடில் எனக்குப் பின்பக்கம் இறங்கவே இல்லை. அண்ணா சொன்ன அந்த சேக் கணக்குப்படி வைத்ததும் வண்டியும் இறங்கியது, கல் ரோட்டில் உதறலும் குறைந்தது. முன்னால் ஃபோர்க் குழாயைக் கிளாம்ப்பில் கொஞ்சமே கொஞ்சம் மேலே ஏற்றினேன். ஏற்றுகிறவர்கள் ஃபோர்க் முழுக்க அமுங்கும்போது எதுவும் எதிலும் இடிக்காது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஃபோர்க் ஆயிலும் மாற்றினேன். பழைய ஆயில் சாம்பல் நிறத்தில் வந்தது. ஆயிலை மில்லி கணக்கில் ஊற்றினால் மட்டும் போதாது. ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, குழாயின் மேல் விளிம்பிலிருந்து ஆயில் மட்டம் வரை ஸ்கேலால் அளந்து இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதிகமாக இருந்ததை ஊசி போடும் சிரிஞ்சில் டியூப் மாட்டி உறிஞ்சி எடுத்தேன்.

ஃபோர்க் சீல் கசிகிறது என்றால் உடனே புது சீல் வாங்கக் கிளம்ப வேண்டாம். பெரும்பாலும் சீல் உதட்டில் மண் ஒட்டியிருக்கும். டஸ்ட் சீலைக் கீழே இறக்கிவிட்டு, வீட்டில் கிடக்கும் பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரு துண்டு நறுக்கி, முனையில் சின்னக் கொக்கி மாதிரி வெட்டி, சீலுக்கும் குழாய்க்கும் இடையே விட்டுச் சுற்றி எடுத்தால் மண் வெளியே வந்துவிடும். எனக்குக் கசிவு அதோடு நின்றுவிட்டது.

ஓசூர், ஹிமாலயன் 411

தங்கச்சி சொன்ன எக்ஸ்ரே ஃபிலிம் யோசனை நூறு சதவீதம் வேலை செய்யும், நானும் செய்திருக்கிறேன்.

என்னுடையது செகண்ட் ஹேண்ட் வண்டி. முந்தைய ஓனர் எங்கேயோ ஃபாக் லைட் மாட்டியிருந்தார். டேங்கைக் கழற்றிப் பார்த்தால் ஹெட்லைட் வயரைத் தோல் உரித்து, அதிலேயே புது வயரை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. ஃபியூஸ் இல்லை, ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டை ஆன் செய்யும் ஸ்விட்ச்) இல்லை. டேப் வெயிலில் இளகிப் பிசுபிசுவென்று வந்தது. இப்படி வயர் ஓடுகிற வண்டியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போவது உண்மையிலேயே ஆபத்து, தயவுசெய்து செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் முதலில் டேங்கைத் தூக்கி வயரிங்கைப் பாருங்கள்.

எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக இழுத்தேன். கணக்கு எளிது. 20 வாட் எல்இடி இரண்டு என்றால் 40 வாட், அதை 12 வோல்ட்டால் வகுத்தால் 3.3 ஆம்பியர். 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். அந்த ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், லைட்டுக்குப் பக்கத்தில் அல்ல. ஏனென்றால் நடுவில் எங்காவது வயர் உரசி பாடியில் பட்டால் ஃபியூஸுக்கு முன்னால் இருக்கிற துண்டுதான் எரியும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாக லைட்டுக்கு ஒரு தடித்த வயர். ஹேண்டிலில் இருக்கிற ஸ்விட்ச் ரிலேயை மட்டும் தட்டும். ரிலேக்கான சிக்னலை சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயரிலிருந்து எடுத்தால், லைட்டை அணைக்காமல் போனாலும் பேட்டரி இறங்காது. ஹேண்டில் திரும்பும் இடத்தில் வயரைக் கொஞ்சம் தொய்வாக விட்டு ஸ்லீவ் போடுங்கள்.

இன்னொன்று கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்தில் ஃபிரேமுக்குள் இருக்கிற பேரிங். கல்லிலும் பள்ளத்திலும் ஓடுகிற எந்த வண்டிக்கும் அது தேயத்தான் செய்யும். இந்த வண்டிக்குச் சென்டர் ஸ்டாண்டு இருப்பது பெரிய வசதி, சென்டர் ஸ்டாண்டு போட்டு இன்ஜின் அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுத்தால் முன்சக்கரம் எழுந்துவிடும். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் தெரியக்கூடாது. ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாகத் திருப்பும்போது நேராக வரும் இடத்தில் "டக்" என்று உட்கார்ந்தால் கப்பில் குழி விழுந்துவிட்டது, இறுக்கிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். நான் பால்ஸுக்குப் பதில் டேப்பர் ரோலர் பேரிங் போட்டேன். புது கப்பை ராத்திரி ஃப்ரீசரில் வைத்துவிட்டால் காலையில் ஃபிரேமில் சுலபமாக இறங்கும். முதலில் நன்றாக இறுக்கி, ஹேண்டிலை இரண்டு பக்கமும் பல தடவை திருப்பி, பிறகு லூஸ் செய்து, ஆட்டமும் இல்லாமல் பிடிப்பும் இல்லாமல் வைக்க வேண்டும். கொஞ்ச நாள் ஓட்டியதும் இன்னொரு தரம் பார்த்தே ஆக வேண்டும், பேரிங் உட்கார்ந்து லூசாகியிருக்கும்.

சாத்தான்குளம் பக்கம், எக்ஸ்பல்ஸ் 200

எங்கள் ஊரைச் சுற்றித் தேரி. செம்மணல். காற்றடித்தால் பாதையே இடம் மாறிவிடும். இங்கே எனக்கு உதவிய ஒரே அப்கிரேட் டயர்தான், அதோடு டியூப் மாற்றக் கற்றுக்கொண்டது. ஸ்போக் சக்கரம், டியூப் டயர், நடு வழியில் பஞ்சர் ஆனால் நாம்தான் பார்க்க வேண்டும்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பஞ்சர் கடைப் பெரியவர் ஒருவர். நான் டயர் கழற்றும் லிவரை வைத்து மூச்சு முட்ட இழுத்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து, "பலத்தை எதுக்குப்பா காட்டுற, எதிர்ப்பக்கம் ஏறி முட்டி போடு" என்றார். ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. நாம் லிவர் போடும் இடத்துக்கு எதிர்ப்பக்கத்து டயர் விளிம்பை அந்தப் பள்ளத்துக்குள் அழுத்திவிட்டால் இந்தப் பக்கம் தானாக இளகும். அதைச் செய்ததும் டயர் வெண்ணெய் மாதிரி வெளியே வந்தது. சோப்புத் தண்ணீர் விளிம்பில், டால்கம் பவுடர் டியூப்பில். டியூப்பில் கொஞ்சம் காற்று விட்டு உள்ளே வைத்தால் மடிந்து லிவரில் கடிபடாது.

வால்வு நட்டை ரிம்மோடு சேர்த்து இறுக்காதீர்கள். மேலே மூடியை ஒட்டி விட்டுவிடுங்கள். காற்று குறைத்து ஓட்டும்போது டயர் ரிம்மில் நழுவினால் டியூப்பும் சேர்ந்து நழுவும். வால்வு சாய்ந்திருப்பதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். நட்டு இறுகியிருந்தால் சாயாமல் அடியோடு கிழிந்துவிடும். தேரி மணலில் நான் காற்றைச் சுமார் 15 பிஎஸ்ஐக்கு இறக்குவேன், அதற்குப் பின்சக்கரத்தில் டயர் நழுவாமல் ரிம்மோடு பிடிக்கும் ரிம் லாக் போட்டிருக்கிறேன். தார் ரோடு வந்ததும் கைப்பம்பு எடுத்துத் திரும்ப ஏற்றிவிடுவேன். பட்டன் டயர் (மண்ணைப் பிடிக்கப் பெரிய கட்டைகளாக இருக்கிற டயர்) தார் ரோட்டில், அதுவும் ஈரமாக இருந்தால், பிரேக் பிடித்தபின் நிற்க அதிக தூரம் எடுக்கும். ஓட்டுகிற ஓட்டத்தில் முக்கால்வாசி தார் ரோடு என்றால் பட்டன் டயர் வேண்டாம் என்பதே என் கருத்து. போட்டோவில் அழகாக இருக்கிறது என்பதற்காகப் போடுகிற பாகம் அல்ல அது.

புது டயரோடு ஸ்போக்கையும் ஒரு தரம் ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே சத்தம் தர வேண்டும். மந்தமாகச் சத்தம் வருவது லூஸ்.

சென்னை, ஹிமாலயன் 411

சட்ட விஷயம் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52ன்படி ஆர்சியில் பதிவான விவரங்களும் தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளும் மாறுபடும் விதமாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. எனவே பாகம் மாற்றும்போது கழற்றிய ஒரிஜினலைப் பத்திரமாக வையுங்கள். நான் ஒவ்வொன்றையும் அதன் போல்ட்டோடு சேர்த்துக் கவரில் போட்டு எழுதி வைக்கிறேன். விற்கும்போதும் அது உதவும்.

கோவை நண்பருக்கு ஒரு கேள்வி: முன் ஸ்ப்ராக்கெட்டை 13 பல்லிலிருந்து 12க்கு மாற்றினால் பலன் உண்டா? தம்பி எக்ஸ்பல்ஸ் வைத்திருக்கிறான், கேட்கச் சொன்னான்.

கோவை, எக்ஸ்பல்ஸ் 200

பலன் உண்டுங்க. பின்னால் 40 பல் என்று வைத்தால் 40ஐ 13ஆல் வகுக்க 3.08, 12ஆல் வகுக்க 3.33. எட்டு சதவீதம் இழுவை கூடும், செங்குத்தான மண் ஏற்றத்தில் முதல் கியரில் கிளட்சைத் தேய்க்காமல் மெதுவாக ஏறலாம். அதே எட்டு சதவீதம் ஹைவேயில் இன்ஜின் அதிகம் சுற்றும். ஸ்ப்ராக்கெட் சிறிதானால் செயின் இன்னும் குறுகலாக வளையும், ஸ்விங் ஆர்ம் மேலிருக்கிற செயின் ஸ்லைடரிலும் அதிகம் உரசும், அதை அடிக்கடி பாருங்கள். தம்பி தினமும் ஆஃபீஸுக்கு ஹைவேயில் போகிறவர் என்றால் 13லேயே விடச் சொல்லுங்கள். முன் ஸ்ப்ராக்கெட் மலிவுதான், வாங்கி வைத்துக்கொண்டு மலைக்குப் போகும்போது மட்டும் மாட்டலாம், பின்சக்கரத்தைத் தளர்த்தி வீட்டிலேயே மாற்றிவிடுகிற வேலை.

இன்னொன்று, ரைசர் போட்டு ஸ்டீல் பிரெய்டட் பிரேக் ஹோஸ் மாற்றியவர்கள் யாராவது இருந்தால் ஹோஸ் நீளத்தை இங்கே போடுங்கள். வாஷர் பழையதையே போடாமல் புது காப்பர் வாஷர் போட்டீர்களா, பிரேக் லைனிலிருந்து காற்று எடுக்க எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் சேர்த்து எழுதினால் இந்த வாரக் கடைசியில் நான் வேலையை ஆரம்பிப்பேன்.